உங்களுக்குத் தெரியுமா? சிம்பொனி மேடையின் சம்பளக் கணக்கு!

நியூயார்க்கின் கார்னகி ஹால். அங்கே முழுநேர வேலையில் இருந்த மேடைப் பணியாளர்கள் மொத்தம் ஐந்தே பேர். நாற்காலி போடுவது, பியானோவை நகர்த்துவது, விளக்கு பார்ப்பது இவர்கள் வேலை. 2013 வாக்கில் இவர்களின் சராசரி ஆண்டு வருமானம் எவ்வளவு தெரியுமா? 4 லட்சம் டாலருக்கும் மேல்! அன்றைய கணக்கில் ஏறக்குறைய இரண்டரைக் கோடி ரூபாய்!

அதே 2013, அக்டோபர் 2. இந்தப் பணியாளர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். சீசனின் தொடக்க விழாவே ரத்து! அன்று வாசிக்கவேண்டிய பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கவே இல்லை!

பிலடெல்பியா என்றதும் இன்னொன்று. 2016 செப்டம்பர் 30. சொந்த ஊரில் சீசன் தொடக்க விழா. கச்சேரி கேட்க ரசிகர்கள் வந்துவிட்டார்கள். கலைஞர்கள் வாசலில் மறியல் செய்துகொண்டிருந்தார்கள்! ஸ்டிரைக் இரண்டே நாளில் முடிந்தது.

இந்த ஆர்க்கெஸ்ட்ராதான் 2011 ஏப்ரலில் கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தது! அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் திவால் மனு போட்ட முதல் ஆர்க்கெஸ்ட்ரா இதுதான்!

சரி, உலகின் மிக அழகான தொழில் தகராறு எது? சந்தேகமே வேண்டாம். 1772! எஸ்தர்ஹாசி இளவரசர் நிக்கோலஸ் தன் கோடைகால அரண்மனையை விட்டுக் கிளம்புவதாக இல்லை. வாத்தியக்காரர்களின் மனைவி, மக்கள் எல்லாரும் வேறு ஊரில். லீவு வேண்டும்! யார் போய்க் கேட்பது?

கேட்டவர் அந்த அரண்மனை இசைக்குழுவின் தலைவர் ஜோசப் ஹைடன். வாயால் அல்ல, சிம்பொனியால்! அவருடைய 45-ஆவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் ஒவ்வொரு கலைஞராக வாசிப்பை முடித்து, தன் மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போனார். கடைசியில் மேடையில் மிஞ்சியவை இரண்டே வயலின்கள். அதில் ஒன்று ஹைடன் கையில்! இளவரசருக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே மூட்டை முடிச்சுடன் எல்லாரும் ஊர் திரும்பினார்கள்!

அந்தச் சிம்பொனியின் சுருதி அவ்வளவு அபூர்வமானது. ஹார்ன் வாத்தியங்களுக்காகவே தனிக் குழாய்கள் செய்யச் சொல்லி ஆர்டர் கொடுக்க வேண்டியிருந்தது! ஒரு லீவு விண்ணப்பத்துக்கு இத்தனை ஏற்பாடு!

ஹைடன் 1761-இல் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. படிக்கப் படிக்க ஆச்சரியம்! வெள்ளைக் காலுறை போடவேண்டும். தலைக்குப் பவுடர் பூசவேண்டும். முற்பகல் ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை முன்கூடத்தில் வந்து நின்று, இன்று இசை உண்டா என்று உத்தரவு கேட்கவேண்டும். தினமும்!

அதைவிடப் பெரிய நிபந்தனை ஒன்று உண்டு. அவர் எழுதும் ஒவ்வொரு ஸ்வரமும் இளவரசருக்கே சொந்தம். வேறு யாருக்கும் பிரதி தரக்கூடாது! சம்பளம்? ஆண்டுக்கு 400 கில்டர்! அச்சிட்டு விற்கும் சுதந்திரம் கிடைத்தது 1779-இல் போட்ட புது ஒப்பந்தத்தில்தான். பதினெட்டு வருடம் கழித்து!

பெர்லின் பில்ஹார்மோனிக் எப்படிப் பிறந்தது தெரியுமா? ரயில் டிக்கெட் தகராறில்! 1882-இல் பில்ஸே என்பவரின் இசைக்குழு வார்சாவுக்குப் போகவேண்டும். முதலாளி ஏற்பாடு செய்திருந்தது நான்காம் வகுப்புப் பயணம். 54 கலைஞர்கள் வெளியேறித் தனிக்குழு தொடங்கினார்கள். இன்று உலகத்தின் உச்சியில் இருக்கும் ஆர்க்கெஸ்ட்ரா அதுதான்!

இன்றும் அங்கே தங்களுக்கு யார் இசை நடத்துநர் என்று முடிவுசெய்வது கலைஞர்களே. ஓட்டுப் போட்டு! 2015 மே 11 அன்று ஒரு தேவாலயத்துக்குள் கூடிப் பேசினார்கள், பேசினார்கள், பதினோரு மணி நேரம் பேசினார்கள். முடிவு வரவில்லை! அடுத்த மாதம் மறுபடி கூடி கிரில் பெட்ரென்கோவைத் தேர்ந்தெடுத்தார்கள். தொழிலாளிகள் சேர்ந்து மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

வியன்னா பில்ஹார்மோனிக் இன்னும் ஒரு படி மேல். 1933-க்குப் பிறகு அவர்களுக்கு நிரந்தர இசை நடத்துநரே கிடையாது!

ஆனால் ஒரு பெண்ணை முறைப்படி உறுப்பினராக ஏற்க அவர்களுக்கு 1997 ஆனது. ஹார்ப் கலைஞர் அன்னா லெல்கெஸ். அதற்கு முன்பே இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்!

லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் பிறப்பும் தகராறுதான். அந்தக் காலத்தில் லண்டனில் ஒரு பழக்கம். ஒருவர் கச்சேரிக்கு ஒப்புக்கொள்வார். அதைவிட அதிகச் சம்பளத்துக்கு வேறு வாய்ப்பு வந்தால் ஒத்திகைக்குத் தன் சார்பில் இன்னொருவரை அனுப்புவார். அவர் மூன்றாமவரை அனுப்புவார். கச்சேரி அன்று மேடையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு ஒத்திகைக்கும் வராதவராக இருப்பார்! தன் குழுவில் இதற்குத் தடை போட்டார் இசை நடத்துநர் ஹென்றி வுட். நாற்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் வெளியேறினார்கள். 1904 ஜூன் 9 அன்று சொந்த ஆர்க்கெஸ்ட்ராவாக முதல் கச்சேரியே கொடுத்துவிட்டார்கள்!

அந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இன்றும் முதலாளி கிடையாது. கலைஞர்களே உரிமையாளர்கள். ஆனால் மாதச் சம்பளமும் கிடையாது! வாசித்த நாளுக்குத்தான் பணம். லண்டனின் புகழ்பெற்ற நான்கு ஆர்க்கெஸ்ட்ராக்களில் இதே முறைதான். அதில் ராயல் பில்ஹார்மோனிக்கும் ஒன்று.

ஆமாம், 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் நம் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்துக் காட்டியது அந்த ராயல் பில்ஹார்மோனிக் குடும்பத்தின் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ராதான்!

சம்பளத்தில் பேதமே இல்லாத ஆர்க்கெஸ்ட்ரா இருந்திருக்கிறதா? இருந்திருக்கிறது! 1922-இல் மாஸ்கோவில் தொடங்கிய பெர்சிம்ஃபான்ஸ். எல்லாருக்கும் ஒரே சம்பளம். இசை நடத்துநரே கிடையாது! ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வட்டமாக உட்கார்ந்து, கண்ஜாடையிலேயே மாபெரும் சிம்பொனிகளை வாசித்தார்கள். பத்து ஆண்டு நடந்தது!

அப்படியே அமெரிக்காவுக்கு வாருங்கள். 1920 மார்ச், பாஸ்டன். கைதட்டலுக்கு எழுந்து நிற்கும்படி இசை நடத்துநர் பியர் மோந்த்யூ சைகை காட்டினார். முதல் வயலின்காரர் ஃப்ரெட்ரிக் ஃப்ராட்கின் எழுந்திருக்கவில்லை! சங்கம், சம்பளம் பற்றிய பெரிய மோதல் அந்த ஒரு நாற்காலியில் வெடித்தது. அவர் வேலை போனது. அவருக்காக மற்றவர்களும் வாசிக்க மறுத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் வெளியே!

அதற்குப் பிறகு பாஸ்டன் கலைஞர்கள் யூனியனில் சேர எத்தனை ஆண்டு ஆனது தெரியுமா? இருபத்திரண்டு! அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் கடைசியாகச் சேர்ந்தது அதுதான்.

இப்போது ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் சீசர் பெட்ரில்லோ! நடுப்பெயரே சீசர்! அமெரிக்க இசைக் கலைஞர்கள் சம்மேளனத்தின் தலைவர். ஒரு ரெக்கார்டைத் திரும்பத் திரும்பப் போட்டு ரேடியோக்காரன் சம்பாதிக்கிறான், வாசித்தவனுக்கு வேலை போகிறது என்று கொதித்தார். 1942 ஆகஸ்ட் 1 முதல் நாடு முழுக்க எந்தக் கலைஞரும் ரெக்கார்டு கம்பெனிகளுக்கு வாசிக்கக்கூடாது என்றார். வாசிக்கவில்லை!

ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பெரிய கம்பெனிகள் பணிய இருபத்தேழு மாதம் ஆனது!

நடுவில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே தந்தி அடித்துப் பார்த்தார். அதுவும் உலகப் போர் நடக்கும்போது! பெட்ரில்லோ மசியவில்லை!

ரெக்கார்டு கம்பெனிகள் என்ன செய்தன? பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை அல்லவா? வாத்தியமே இல்லாமல், பின்னணியில் கோரஸ் குரல்களை மட்டும் வைத்து 1943-இல் ஃப்ராங்க் சினாட்ராவைப் பாடவைத்தார்கள்! அந்த ரெக்கார்டுகளைக் கேட்டால் புல்லாங்குழல் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் மனிதக் குரல்!

அந்தப் போராட்டத்தின் பலன் இன்னும் ஓடுகிறது. 1948-இல் ரெக்கார்டு கம்பெனிகள் பணம் போட்டு ஒரு நிதி உருவானது. அந்த நிதி கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுக்கும். ஜனங்களுக்குக் கச்சேரி இலவசம்!

அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம் இது, சொல்லியே ஆகவேண்டும். 1960-களின் தொடக்கம் வரை பல அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் தங்கள் சம்பள ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று ஓட்டுப் போடும் உரிமை வாசிப்பவர்களுக்கே கிடையாது! உள்ளூர் யூனியன் தலைவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சிம்பொனி கலைஞர்கள் 1962-இல் சிகாகோவில் கூடித் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆர்க்கெஸ்ட்ராக்கள், 4,000-க்கும் மேற்பட்ட கலைஞர்கள்!

அதற்கு இரண்டே ஆண்டில் நடந்தது அடுத்த அதிசயம். 1964! வருடத்தின் 52 வாரமும் சம்பளம் என்று நியூயார்க் பில்ஹார்மோனிக் ஒப்பந்தம் போட்டது. அதுவரை சீசன் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. கோடைக்காலத்தில் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்!

இதற்கெல்லாம் பணம் வேண்டாமா? 1966-இல் ஃபோர்டு அறக்கட்டளை 61 ஆர்க்கெஸ்ட்ராக்களுக்குக் கொடுத்தது எவ்வளவு? 8 கோடியே 2 லட்சம் டாலர்!

ஒப்பந்தங்களுக்குள் என்னென்ன இருக்கும் என்று பார்த்தால் மலைத்துப் போவீர்கள்! ஒத்திகை இத்தனை மணி நேரம், இடைவேளை இத்தனை நிமிடம் என்று துல்லியமாக எழுதியிருக்கும். நேரத்தைக் கண்காணிக்கவே ஒருவர் உண்டு. உலகப் புகழ் பெற்ற இசை நடத்துநர் உணர்ச்சியின் உச்சத்தில் இருந்தாலும் சரி, கடிகாரம் சொன்னால் நிறுத்தவேண்டும். ஒரு நிமிடம் தாண்டினால் ஓவர்டைம்!

புல்லாங்குழல்காரர் அதே கச்சேரியில் பிக்கலோவும் வாசித்தால்? கூடுதல் பணம்! ஹார்ப்பைத் தூக்கிக்கொண்டு வரவேண்டுமா? அதற்கும் தனிப் பணம்! திறந்தவெளிக் கச்சேரியில் குளிர் இந்த டிகிரிக்குக் கீழே போனாலோ, வெயில் இந்த டிகிரிக்கு மேலே போனாலோ வாசிக்கமாட்டோம் என்று தெர்மாமீட்டர் கணக்கும் பல ஒப்பந்தங்களில் உண்டு!

அதிகம் வாசிப்பவர்களுக்கு அதிகச் சம்பளம் கொடுத்தால் என்ன? இதையே கேட்டார்கள் ஜெர்மனியின் பான் நகரில், பீத்தோவன் ஆர்க்கெஸ்ட்ராவின் 16 வயலின்காரர்கள். 2004-இல்! ஊதுபவர்கள் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், நாங்கள் வாசிக்கும் ஸ்வரங்களோ எண்ணிலடங்காதவை, சம்பளத்தை உயர்த்து என்று வழக்கே போட்டார்கள்!

அந்த ஜெர்மனியில் நாடு முழுமைக்கும் ஒரே சம்பள ஒப்பந்தம் உண்டு. எத்தனை கலைஞர் பணியிடங்கள் இருக்கின்றன என்பதை வைத்து ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம். அதற்கேற்பச் சம்பளம்! 1992-இல் அங்கே அரசுப் பணத்தில் நடந்த ஆர்க்கெஸ்ட்ராக்கள் 168. இன்று 129. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு மூடியவையும் ஒன்றோடொன்று சேர்த்தவையும் மட்டும் 39!

திரைக்குப் பின்னால் வாசிக்கும் தேர்வைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? யார் வாசிக்கிறார்கள் என்று நடுவர்களுக்குத் தெரியாது. நடந்து வரும்போது செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும் என்பதால் தரையில் கம்பளம் விரிப்பார்கள். பாஸ்டன் 1952-லேயே திரை கட்டிவிட்டது!

அந்தத் திரை என்ன செய்தது பாருங்கள். 1980, மியூனிக் பில்ஹார்மோனிக். டிரம்போனுக்கு ஆள் தேர்வு. 33 பேர் போட்டி. 16-ஆவதாக வாசித்தவர் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார். திரையை விலக்கினால் ஒரு பெண்! ஆபி கோனன்ட். தேர்வுக்கு வரச் சொல்லி அவருக்குப் போன கடிதத்திலேயே 'திருவாளர்' என்றுதான் போட்டிருந்தார்கள்!

வேலை கிடைத்தது. ஆனால் சீக்கிரமே முதல் டிரம்போனிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினார்கள். ஊதும் அளவுக்கு உடம்பில் தெம்பு உண்டா என்று கேள்வி. கோனன்ட் விடவில்லை. நுரையீரல் மருத்துவமனைக்கே போய் மூச்சின் அளவைப் பரிசோதித்துக் கோர்ட்டில் காட்டினார்! பதவி திரும்பியது. சம்பளத்தில் ஆண்களைவிடக் குறைவு. மறுபடி வழக்கு. மறுபடி வெற்றி. எல்லாம் முடிந்தபோது வருடம் 1993. பதின்மூன்று ஆண்டு! இவரைப் பற்றிப் படித்த நாளிலிருந்து டிரம்போன் சத்தம் கேட்டாலே நான் நிமிர்ந்து உட்காருகிறேன்.

2018 ஜூலை 1 அன்று மாசசூசெட்ஸில் சம ஊதியச் சட்டம் அமலுக்கு வந்தது. மறுநாளே வழக்குப் போட்டார் பாஸ்டன் சிம்பொனியின் முதன்மைப் புல்லாங்குழல் கலைஞர் எலிசபெத் ரோ! பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஓபோ கலைஞரைவிட ஆண்டுக்குச் சுமார் 64,000 டாலர் குறைவாகத் தனக்குக் கிடைக்கிறது என்பது அவர் வாதம். 2019 பிப்ரவரியில் சமரசம்!

வாசித்து வாசித்துக் காது போனால் யார் பொறுப்பு? 2012-இல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் வாக்னரின் 'வால்கியூரே' ஒத்திகை. பித்தளைக் குழல்களுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்தார் ஒரு வயோலா கலைஞர். சத்தம் 130 டெசிபலைத் தாண்டியது. அவருடைய கேட்கும் திறன் பாழானது, வாழ்க்கைத் தொழிலே போனது. நிறுவனம்தான் பொறுப்பு என்று 2018-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. இசைச் சத்தத்தால் வந்த செவி அதிர்ச்சிக்கு ஒரு கோர்ட் இப்படித் தீர்ப்புச் சொன்னது அதுவே முதல்முறை!

இப்போது மினசோட்டா. இதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன்!

2012 அக்டோபர் 1. மினசோட்டா ஆர்க்கெஸ்ட்ராவின் கதவைப் பூட்டிவிட்டது நிர்வாகம். இது கலைஞர்கள் செய்த ஸ்டிரைக் அல்ல, முதலாளி செய்த கதவடைப்பு! அடிப்படைச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். கலைஞர்கள் மறுத்தார்கள்.

அதே சமயத்தில் அரங்கத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. செலவு? 5 கோடி டாலர்! அரங்கம் தயார். உள்ளே வாசிக்க ஆளில்லை!

கலைஞர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே அரங்கம் பிடித்து, தாங்களே டிக்கெட் விற்று, தாங்களே கச்சேரி நடத்தினார்கள்! ஓராண்டு போனது. பின்லாந்துக்காரரான இசை நடத்துநர் ஆஸ்மோ வான்ஸ்கா ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். அதோடு விடவில்லை. வெளியே நிற்கும் கலைஞர்களோடு சேர்ந்து விடைபெறும் கச்சேரிகள் நடத்தினார். கடைசி உருப்படி முடிந்ததும் கைதட்ட வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அரங்கமே அழுதது!

2014 ஜனவரி 26. கிராமி விருது அறிவிப்பு. சிறந்த ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பு யாருடையது? சிபேலியஸின் முதலாவது, நான்காவது சிம்பொனிகளைப் பதிவுசெய்த மினசோட்டா ஆர்க்கெஸ்ட்ராவுடையது! வேலைக்குத் திரும்பும் தேதி பிப்ரவரி 1. அதாவது விருது வாங்கிய அன்று அவர்கள் இன்னும் வீதியில்!

மொத்தம் பூட்டியிருந்த நாட்கள் 488! முடிவில் ஒப்புக்கொண்ட வெட்டு 15 சதவீதம். வான்ஸ்கா அந்த வசந்தத்திலேயே திரும்பி வந்தார். 2015-இல் கியூபாவில் வாசித்தார்கள். 2018-இல் தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் வாசித்தார்கள்! பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவர்கள் இவர்கள்தான் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

டெட்ராய்ட் கதை கடுமை. 2010 அக்டோபரில் தொடங்கிய ஸ்டிரைக் ஆறு மாதம் நீடித்தது. 1,04,650 டாலராக இருந்த அடிப்படைச் சம்பளம் சுமார் 79,000-க்கு இறங்கியது! அந்தக் காயத்தோடு திரும்பி வந்த அதே மாதத்தில் தங்கள் கச்சேரிகளை இணையத்தில் உலகத்துக்கே இலவசமாக ஒளிபரப்ப ஆரம்பித்தார்கள்!

சிகாகோவில் 2019-இல் ஏழு வாரம் ஸ்டிரைக். காரணம் பென்ஷன். மறியல் வரிசைக்கு வந்து கலைஞர்கள் பக்கம் நின்றவர் யார்? அவர்களின் இசை நடத்துநர் ரிக்கார்டோ முட்டியே!

சான் அன்டோனியோவில் 72 முழுநேரக் கலைஞர்களை 42 ஆக்கப் பார்த்தார்கள். 2021 செப்டம்பரில் ஸ்டிரைக். 2022 ஜூனில் ஆர்க்கெஸ்ட்ராவையே கலைத்துவிட்டார்கள்! கலைஞர்கள் வேறு பெயரில் மறுபடி மேடை ஏறினார்கள்.

கொரோனா காலம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் ஆர்க்கெஸ்ட்ரா 2020 ஏப்ரல் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு ஒரு டாலர்கூடச் சம்பளம் வாங்கவில்லை! பிறகு கிடைத்த இடைக்காலத் தொகை வாரத்துக்கு அதிகபட்சம் 1,543 டாலர்.

கலிபோர்னியாவில் 'ஃப்ரீவே பில்ஹார்மோனிக்' என்று ஒன்று உண்டு. அது ஆர்க்கெஸ்ட்ராவின் பெயர் அல்ல! இன்று ஓர் ஊரில் ஒத்திகை, நாளை இன்னோர் ஊரில் கச்சேரி என்று காரிலேயே ஓடி ஓடிச் சம்பாதிக்கும் கலைஞர்களுக்கு வந்த பட்டப்பெயர். அவர்களின் ஒப்பந்தங்களில் மைல் கணக்குக்கும் பணம் உண்டு!

குரலுக்கும் சம்பளப் போராட்டம் உண்டு. 2024 செப்டம்பரில் சான் ஃப்ரான்சிஸ்கோ சிம்பொனியின் சம்பளம் பெறும் 32 கோரஸ் பாடகர்கள் பாட மறுத்தார்கள். வெர்டியின் 'ரெக்வியம்' கச்சேரிகள் மூன்றும் ரத்து!

அதே செப்டம்பரில் நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தைக் கேளுங்கள். 1842-இல் கலைஞர்களே கூட்டுறவாகத் தொடங்கி, சீசன் முடிந்ததும் லாபத்தைப் பங்கு பிரித்துக்கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா அது. கொரோனா காலத்தில் சம்பளத்தில் 25 சதவீதத்தை விட்டுக்கொடுத்தவர்கள் அந்தக் கலைஞர்கள். புது ஒப்பந்தத்தில் மூன்றே ஆண்டில் 30 சதவீத உயர்வு! கடைசி வரிசையில் புதிதாக வந்து உட்காரும் வயலின்காரருக்கும் கிடைக்கப்போகும் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2,05,000 டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கோடி ரூபாய்!